வாக்கும் வாய்க்காலும்: சேலம் நகர ஆட்சியில் எளியோரின் இடம், 1866–2024

1. கேள்வி

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் நகரில் வாழ்ந்தோர் 70,621 பேர். 2011இல் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8,29,267. நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு. பிறப்பு மட்டும் ஒரு நகரை இந்த அளவுக்குப் பெருக்குவதில்லை. தறி, கொலுசுப் பட்டறை, சாயப்பட்டறை, சந்தை, இரயில் என்று பிழைப்பைத் தேடி வந்தவர்களும், தங்கள் ஊர் நகரத்தோடு இணைக்கப்பட்டதால் ஒரே நாளில் நகரவாசிகளானவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். இவர்களுள் யாரை நகர ஆட்சி தன்னவராக ஏற்றது, எந்தக் காலத்தில், எந்த அளவுக்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதை அளக்க மூன்று அளவைகளைக் கைக்கொள்கிறேன். முதலாவது, மன்றத்தில் இடம்: வாக்களிக்கவும் உறுப்பினராகவும் யாருக்கு உரிமை இருந்தது? இரண்டாவது, வசதியில் இடம்: தண்ணீர், சாக்கடை, தெரு, சந்தை ஆகியவை யாரைச் சென்றடைந்தன? மூன்றாவது, மன்றத்தின் அதிகாரம்: நகரின் பெரிய முடிவுகளை அந்த மன்றமே எடுத்ததா? முதல் இரண்டையும் பற்றிப் பேசுவோர் பலர். மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. சேலத்தின் வரலாற்றை இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முரண் தெரிகிறது. மன்றத்தின் கதவு எளியவர்களுக்குத் திறக்கத் திறக்க, மன்றத்தின் கையிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்குப் போயின.

2. வரி கட்டுவோரின் மன்றம்

1865ஆம் ஆண்டின் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866இல் சேலம் நகராட்சி அமைந்தது. அன்றைய நகராட்சியை மக்களாட்சியின் தொடக்கமாகக் காண்பது மிகை. மாவட்ட ஆட்சியரின் நிழலில் இயங்கிய நியமனக் குழு அது. 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியாகியிருந்த கருவூலத்தின் சுமையில் ஒரு பகுதியை நகரங்களின் தலையில் இறக்குவதே சட்டத்தின் முதல் நோக்கம். வசூலான வரியில் கணிசமான பங்கு நகரக் காவல் செலவுக்குப் போனது. தெருவிளக்கும் குப்பை அள்ளுதலும் மிச்சத்தில் நடந்தன. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரி செலுத்துவோர் சில உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும், அதைத் தொடர்ந்து 1884இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அந்த வழியை அகலப்படுத்தின. ஆனால் வாக்குரிமை வரியோடு கட்டுண்டே இருந்தது. சொந்த வீடோ தொழில்வரிக்கு உரிய வருமானமோ இல்லாத தறிக்கூலிக்கும், மலம் அள்ளிய தோட்டித் தொழிலாளிக்கும் மன்றத்தில் குரல் இல்லை.

ரிப்பன் தீர்மானம் வெளியான அதே 1882இல் சேலத்தில் பெருங்கலவரம் மூண்டது. செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசல் இருந்த வழியே மேளதாளத்தோடு சாமி ஊர்வலம் போகலாமா என்பது அதன் மூலகாரணம். அப்போது நகராட்சி உறுப்பினராயிருந்த இளம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார்; மேல்முறையீட்டில் விடுதலையானார். பறிபோன நகராட்சி உறுப்பினர் பதவிக்காகவும் வழக்காடினார். அதில் வென்று 100 ரூபாய் இழப்பீடும் பெற்றார். பின்னாளில் 1920 நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. தேசிய இயக்க வரலாற்றில் இது ஒரு தலைவரின் எழுச்சிக் கதையாகச் சொல்லப்படுகிறது. நகர வரலாற்றில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. தெரு யாருடையது என்ற கேள்வி சேலத்தில் இரத்தம் சிந்தி எழுந்தது அப்போது. அதைத் தீர்த்துவைக்கும் வலிமையோ நம்பகமோ வரி கட்டுவோரின் மன்றத்துக்கு இல்லை. காவல்துறையும் நீதிமன்றமுமே தீர்த்துவைக்க வேண்டியிருந்தது.

தண்ணீரில் நகராட்சி எடுத்த முதல் பெரிய முயற்சி பனமரத்துப்பட்டி ஏரி. 2,000 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த ஏரியிலிருந்து 1911இல் சேலத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணற்றை நம்பியிருந்த ஊரில் இது பெரிய மாற்றம். கிணறு சாதிக்குச் சாதி தனித்தனியாக இருக்கலாம். குழாய் அப்படி இருக்க முடியாது. ஒரே ஏரியின் நீர், ஒரே குழாய்த் தொடர் வழியாக எல்லாத் தெருவுக்கும் ஓடியாக வேண்டும். அதைத் திறந்து மூடும் கை யாருடையது என்ற சிக்கல் அடுத்த பத்தாண்டிலேயே எழுந்தது.

3. குழாயும் அக்ரகாரமும்

1911இல் நகராட்சி உறுப்பினரான சி. ராஜகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராயிருந்தார். அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவரை அவர் அமர்த்தினார் என்றும், எதிர்ப்பு கிளம்பியபோதும் பின்வாங்கவில்லை என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வரக் காரணமாயிருந்தவரும் அவரே. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் காவிரிக் கரையிலிருந்த ஈரோட்டில் நகராட்சித் தலைவராயிருந்த ஈ.வெ. ராமசாமி, ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவருக்கும் பொதுவாழ்வின் முதல் பள்ளிக்கூடம் கொங்கு மண்டலத்தின் நகராட்சிதான்.

இந்த நிகழ்வுகளைத் தனிமனிதத் துணிவின் சான்றாகச் சொல்லி முடிப்பது வழக்கம். அவை சாத்தியமான சூழலையும் பார்க்க வேண்டும். குழாய்த் தொடர் நகராட்சியின் உடைமை. குழாய்ப் பணியாளரை அமர்த்தும் உரிமை நகராட்சித் தலைவரிடம் இருந்தது. அவருக்கு மேலே கேட்டுப்பெற வேண்டிய வாரியமோ நிறுவனமோ இல்லை. மன்றத்தில் இடம், வசதி, அதிகாரம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால்தான் ஒரு தலைவரின் முடிவு மறுநாள் காலை தெருவில் தண்ணீராக வர முடிந்தது. அன்றைய நகராட்சி ஒரு கல்லூரியையே நடத்தியது. இன்று அரசு கலைக் கல்லூரியாக உள்ள நிறுவனம் நீண்டகாலம் சேலம் நகராட்சிக் கல்லூரி என்றே அறியப்பட்டது. தொடக்கப் பள்ளி, மருத்துவமனை, சந்தை எனப் பலவும் நகராட்சியின் கையில் இருந்தன.

இதன் மறுபக்கமும் உண்மை. அதிகாரம் நிறைந்த அந்த மன்றத்தில் எளியவர்களுக்குக் கிடைத்தது நல்லெண்ணம் கொண்ட ஒரு தலைவரின் ஆதரவு. உரிமையாக வந்த இடம் அன்று. தலைவர் மாறினால் தண்ணீரின் போக்கும் மாறலாம். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது விடுதலைக்குப் பிறகே வந்தது.

4. வாக்கு வந்தது, வேலை போனது

வாக்குரிமை விரிந்த பத்தாண்டுகளிலேயே நகராட்சியின் வேலைகள் சுருங்கத் தொடங்கின. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, விடுதலைக்குப் பின் சேலத்தின் குடிநீர் ஆதாரமாயிற்று. தொலைவிலிருந்து காவிரி நீரை ஏற்றிக் கொண்டுவரும் பணி நகராட்சிப் பொறியாளர்களின் வலுவுக்கு மேற்பட்டது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவானபின் சென்னைக்கு வெளியே பெரிய குடிநீர்த் திட்டங்கள் அதன் பொறுப்பாயின. 1961இல் வீட்டுவசதி வாரியம் வந்தது. 1970இல் சென்னைக்கென அமைந்த குடிசை மாற்று வாரியம் 1980களில் மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் நிலப் பயன்பாட்டைத் தனி அமைப்பிடம் கொடுத்தது. ஏழைகளின் வாழ்வைத் தொடும் நான்கு வேலைகளும், அதாவது குடிநீர், வீடு, குடிசைப்பகுதி, நிலம் ஆகியவையும், மாநில வாரியங்களின், அமைப்புகளின் பொறுப்பில் போய்ச் சேர்ந்தன.

வாரியங்கள் வீண் என்று சொல்வது நியாயமாகாது. மேட்டூர் நீர் இல்லாமல் இன்றைய சேலத்தை நினைத்துப் பார்க்க முடியாது. தொழில்நுட்பத் திறனும் கடன் பெறும் வலுவும் வாரியங்களிடம் இருந்தன. விலை என்னவென்றால், குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர் கவுன்சிலரிடம் முறையிட்டால் அவர் வாரியத்தைக் கைகாட்ட முடிந்தது. வாரியத்தையோ வாக்காளர் மாற்ற முடியாது.

இதைவிடப் பெரிய இழப்பு தேர்தலே நடக்காமல் போனது. தமிழ்நாட்டில் 1969க்குப் பின் அடுத்த நகராட்சித் தேர்தல் 1986இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 1991இல் முடிந்தபின் 1996 வரை மீண்டும் தேர்தல் இல்லை. இந்த இடைவெளியில்தான், 1994இல், சேலம் மாநகராட்சியாக உயர்ந்தது. இரயில் நிலையத்தைச் சுற்றித் தனி நகராட்சியாயிருந்த சூரமங்கலமும் சுற்றுவட்டாரத்தின் பல ஊராட்சிகளும் இணைந்து, 91.34 சதுர கிலோமீட்டர் பரப்பும் 60 வார்டுகளும் கொண்ட மாநகராட்சி உருவானது. நகரின் எல்லையையே மாற்றிய அந்த முடிவு, நகர மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று இல்லாத காலத்தில் எடுக்கப்பட்டது. ஊராட்சியிலிருந்து மாநகராட்சிக்குள் வந்தவர்களுக்கு நகர வரி உடனே வந்தது; நகரச் சாக்கடை வர ஆண்டுகள் ஆயின.

5. ஒதுக்கீட்டின் வருகை

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் மன்றத்தின் முகத்தை மாற்றியது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்கள், ஐந்தாண்டுக்கொரு தேர்தல் ஆகியவை கட்டாயமாயின. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2006இல் சேலம் மேயரான ஜெ. ரேகா பிரியதர்ஷினி இருபதுகளில் இருந்த தலித் பெண். 1866இன் நியமனக் குழுவோடு ஒப்பிட்டால், முதல் அளவையில் சேலம் கடந்த தூரம் மிகப் பெரியது.

அதே திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 வேலைகளைப் பட்டியலிட்டது. குடிசைப்பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் அதில் உண்டு. ஆனால் அவற்றை மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. இடஒதுக்கீடு கட்டாயம், அதிகாரப் பகிர்வு விருப்பம் என்ற இந்த வேறுபாட்டில்தான் மேலே சொன்ன முரணுக்கு வேர் இருக்கிறது. நாற்காலியைச் சட்டம் கொடுத்தது. மேசைமேல் கோப்பு வந்து சேர்வதை அது உறுதி செய்யவில்லை.

மன்றத்துக்கும் மக்களுக்கும் உள்ள தொலைவும் சிறியதல்ல. 2011 மக்கள்தொகையை 60 வார்டுகளால் வகுத்தால் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 13,800 பேர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது அரசமைப்புத் திருத்தம். நடைமுறையில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டலங்களே அந்த அடுக்காக நின்றன. ஒரு மண்டலத்தில் இரண்டு இலட்சம் பேர். ஒரு தெருவின் அடைபட்ட சாக்கடையைப் பேசும் இடமாக அது அமையவில்லை. வார்டு குழு, பகுதி சபை விதிகளைத் தமிழ்நாடு 2022இல் வெளியிட்டு, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் சபைகளைக் கூட்டியது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதலும், கேரளம் 1996இன் மக்கள் திட்டம் முதலும் இத்தகைய கூட்டங்களின் முன் பணத்தையும் வைத்தன. எந்த வேலைக்கு எவ்வளவு என்று பேசக் கூட்டத்துக்கு ஒரு தொகை இருந்தது. தொகையில்லாத கூட்டம் மனு வாங்கும் நாளாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு.

மாநகராட்சியே நேரடியாக நடத்திய வேலைகளில் எளியோர் பயன் தெளிவாகத் தெரிந்ததற்கு அம்மா உணவகம் ஓர் எடுத்துக்காட்டு. 2013இல் சென்னையில் தொடங்கி அதே ஆண்டில் சேலம் உள்ளிட்ட மற்ற மாநகராட்சிகளுக்கு வந்த இவ்வுணவகங்களில் சமைத்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். உண்டவர்கள் சுமை தூக்குவோர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனைக்கு வந்தோர். இடம், ஆள், செலவு மூன்றும் மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தன. ஆனால் திட்டமும் விலையும் சென்னையில் தீர்மானிக்கப்பட்டவை. சேலம் மன்றம் இங்கு முகவராகவே இருந்தது.

6. மன்றமில்லாக் காலத்தின் பெருந்திட்டம்

2016 செப்டம்பரில் மதுரை, தஞ்சாவூர், வேலூரோடு சேலமும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது. அடுத்த மாதமே தமிழக உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் அதன்பின் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பழைய பேருந்து நிலையத்தை ஈரடுக்காக்குவது, வ.உ.சி. மார்க்கெட்டைப் புதுப்பிப்பது முதலான பணிகள் இதற்கென அமைந்த தனி நிறுவனத்தின் வழியே திட்டமிடப்பட்டு நடந்தன. ஈரடுக்குப் பேருந்து நிலையம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. 2020இல் திறந்த ஐந்து ரோடு மேம்பாலமும் மாநகராட்சியின் படைப்பன்று. மாநில நெடுஞ்சாலைத் துறையின் பணி.

1991 முதல் 2022 வரையான 31 ஆண்டுகளில் பத்தாண்டுக்கு மேல் சேலத்தில் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. மாநகராட்சி ஆக்கம், ஸ்மார்ட் சிட்டிப் பணிகள் என்ற இரண்டு பெருந்திருப்பங்களும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே விழுந்தன.

இதன் விளைவை மார்க்கெட்டில் பார்க்கலாம். தமிழகத்தில் பேருந்து நிலையமும் தினசரிச் சந்தையும் உள்ளாட்சியின் முக்கிய வருவாய். கடைகள் ஏலத்தில் வாடகைக்குப் போகின்றன. சுங்கம் குத்தகைக்கு விடப்படுகிறது. கட்டடம் புதிதாகும்போது வாடகையின் அடிப்படையும் உயர்கிறது. பெரிய கடைக்காரர் அதைத் தாங்குவார். கூடையில் கீரையும் பூவும் கொண்டுவந்து தரையில் உட்காரும் பெண்ணுக்குப் புதுக் கட்டடத்தில் எண்ணிட்ட இடம் கிடையாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவரைக் கணக்கெடுத்து அடையாள அட்டை தரவும், வியாபாரிகளின் பிரதிநிதிகள் அமர்ந்த நகர விற்பனைக் குழுவைக் கேட்டே இடமாற்றம் செய்யவும் சொல்கிறது. கட்டுமானத் திட்டம் முதலில் முடிவாகி, வியாபாரிகளின் இடம் பிறகு பேசப்படும்போது அந்தச் சட்டம் வலுவிழக்கிறது.

7. வீடே பட்டறையான நகரில் சாக்கடையின் பொருள்

சேலத்தின் எளியோரில் பெரும்பகுதியினர் வீட்டிலேயே தொழில் செய்பவர்கள். அம்மாபேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி வீட்டுக்குள் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிய தெருக்களில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பதும் மெருகேற்றுவதும் வீட்டுத் திண்ணையில் நடக்கின்றன. குழித்தறியில் நெசவாளி தரையில் வெட்டிய குழிக்குள் கால்விட்டு மிதிக்கிறார். தாழ்ந்த தெருவில் மழைநீர் தேங்கினால் முதலில் நிறைவது அந்தக் குழி. குழி காயும்வரை தறி ஓடாது, கூலியும் வராது.

ஆகவே இங்கே சாக்கடை வெறும் சுகாதார வசதியாக இல்லை. வேலைநாள்களைத் தீர்மானிப்பது அது. கிச்சிப்பாளையம் போன்ற தாழ்வான பகுதிகளில் மழைநீர் வடிகாலுக்குச் செலவிடும் பணம் தொழில் மேம்பாட்டுச் செலவும்கூட. வார்டுக் கூட்டத்தில் ஒரு நெசவாளிப் பெண் இதைச் சொல்ல முடியும். தனி நிறுவனத்தின் திட்ட அறிக்கையில் தறிக்குழிக்கென ஒரு பத்தி இருக்காது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொடங்கிய பாதாளச் சாக்கடைத் திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டபோது, தோண்டிய தெருக்களில் வாழ்ந்தவர்கள் அந்தத் தாமதத்தைத் தங்கள் கூலியில் செலுத்தினார்கள்.

சாக்கடையை இயக்கும் கைகளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்குத் தமிழகத்தின் துப்புரவுப் பணி நூற்றாண்டுக்கு மேலாக அருந்ததியர் சமூகத்தின் தோளில் சுமத்தப்பட்டிருக்கிறது. 2009இல் கல்வியிலும் வேலையிலும் அவர்களுக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அதே காலத்தில் நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்கள் குறைந்து ஒப்பந்தமுறை பெருகியது. அரசு வேலையின் கதவில் ஒதுக்கீடு எழுதப்பட்டபோது, அவர்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலை அரசு வேலையாக இருப்பது நின்றுகொண்டிருந்தது. மன்ற இடத்துக்கும் மன்ற அதிகாரத்துக்கும் இடையே கண்ட அதே முரண் இங்கும் தெரிகிறது.

8. எல்லைக்கு வெளியே

சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. நகரின் கழிவுநீரும் சாயக்கழிவும் அதில் சேர்ந்தே போகின்றன. ஆற்றை நம்பிய ஏரிகளிலும் கிணறுகளிலும் பாசனம் செய்யும் நாமக்கல் உழவர்களுக்குச் சேலம் மாநகராட்சியில் வாக்கு இல்லை. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானபின் இரு பக்கத்துக்கும் பொதுவான ஆட்சியரும் இல்லை. அனைவரையும் அரவணைக்கும் நகர வளர்ச்சி என்பதை வார்டு எல்லைக்குள் மட்டும் அளந்தால் இந்த உழவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நகரவாசிக்குச் செய்யும் வசதி மட்டுமன்று. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவருக்கு நகரம் பட்டிருக்கும் கடன்.

நாமக்கல் நகரின் அனுபவம் மற்றொரு கோணத்தைத் தருகிறது. 2000களில் வீட்டுக்கு வீடு குப்பை வாங்கித் தரம்பிரித்து, ஐ.எஸ்.ஓ. 14001 சான்று பெற்ற நகராட்சியாக நாமக்கல் பேசப்பட்டது. ஊர் அளவில் சிறியது; குப்பை முழுக்க நகராட்சியின் கையில் இருந்த வேலை. அதிகாரம் கையிலிருந்தால் சிறிய நகராட்சியாலும் முடியும் என்பதற்கு அது சான்று. அதே நாமக்கல் 2024இல் மாநகராட்சியானது. இணைப்புப் பேச்சு எழுந்த தமிழக ஊராட்சிகள் பலவற்றில் எதிர்ப்பும் எழுந்தது. ஊராட்சி நகராட்சியானால் 100 நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும் என்பதே அச்சத்தின் சாரம். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. வேலைக்குச் சட்டப்படியான உறுதி கிராமத்தவருக்கு இருந்தது, நகரத்தவருக்கு இல்லை. கூலிக்காரப் பெண்ணைப் பொறுத்தவரை நகரத்துக்குள் சேர்வது ஓர் உரிமையிலிருந்து வெளியேறுவதாகவும் இருந்தது.

9. முடிவுகள்

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

ஒன்று: சேலத்தில் மன்றத்தின் அகலமும் மன்றத்தின் ஆழமும் எதிர்த்திசையில் சென்றன. 1917இன் மன்றம் குறுகியது, ஆனால் குழாய் அதன் கையில் இருந்தது. 2022இன் மன்றத்தில் பெண்களும் பட்டியல் சாதியினரும் உரிமையோடு அமர்ந்தனர். குழாயும் வீடும் நிலமும் வெளியே இருந்தன.

இரண்டு: எளியோருக்கு மிகப் பெரிய இழப்பு தீய திட்டங்களால் நேர்ந்ததைவிட மன்றம் இல்லாத ஆண்டுகளால் நேர்ந்தது. எல்லை விரிவும் பெருமுதலீடும் அந்த ஆண்டுகளில் முடிவாயின. மன்றம் திரும்பியபோது பணி ஆணைகள் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தன.

மூன்று: நகர ஆட்சியின் பொறுப்பு அதன் எல்லைக் கல்லோடு முடிவதில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவரும் இணைக்கப்படும் ஊராட்சியின் கூலித் தொழிலாளரும் நகர வளர்ச்சியின் பங்குதாரர்கள்.

இம்முடிவுகள் சட்டத்தில் செய்ய வேண்டியதையும் சுட்டுகின்றன. வாரியங்களைக் கலைக்கத் தேவையில்லை. ஒரு நகரில் அவை செய்யும் பணிக்கு அந்நகர மன்றத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். தேர்தல் தள்ளிப்போகும் காலத்தில் நகர எல்லையை மாற்றவும் நீண்டகாலப் பெருந்திட்டங்களை ஏற்கவும், மன்றத்துக்குப் பதிலாக நிர்வகிக்கும் தனி அலுவலருக்கு அதிகாரமில்லை என்று விதிக்கலாம். பகுதி சபைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கலாம். திருமணிமுத்தாற்றுக்குச் சேலம், நாமக்கல் ஆகிய இரு பக்க உள்ளாட்சிகளும் உழவரும் அமரும் கூட்டுக் குழு ஒன்றை அமைத்து, சுத்திகரிப்பு நிலையங்களின் நீர்த்தர அளவீட்டை மாதந்தோறும் அதன்முன் வைக்கலாம். இவற்றுள் எதற்கும் அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. 1993 திருத்தம் மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டதை மாநிலச் சட்டம் கட்டாயமாக்கினால் போதும்.